தொலை மருத்துவம் கடத்தூருக்குப் பொருந்துகிறதா?

வாசகர்களே, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பொறியின் திரையில் எண்கள் எவ்வாறு நேர்கோட்டுத் துண்டுகளால் ஆகித் தோன்றுகின்றனவோ, அவ்வாறே 86 என்று எழுதுங்கள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் படியுங்கள். 98 என்றிருக்கும். 98 என்று எழுதித் திருப்பினால் 86 ஆகிவிடும். 96 மட்டும் எப்படித் திருப்பினாலும் 96 ஆகவே நிற்கும்.

இது வெறும் எண் விளையாட்டு அன்று. கோவிட் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டிலேயே இருக்கலாம், 90க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அன்று பலருக்கும் மனப்பாடம். படுத்திருப்பவர் விரலில் கருவி இருக்கிறது. எண்ணைப் படிப்பவரோ எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். 86இல் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரை அவர் 98 என்று படித்து, "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டா, இல்லையா? போதாக்குறைக்கு அதே சிறிய திரையில் நாடித்துடிப்பின் எண்ணும் ஓடுகிறது. இரண்டில் எது ஆக்சிஜன், எது நாடி என்பதைக் கடுகளவு ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விலை கூடிய சில கருவிகளில் திரையைத் திருப்பிக் காட்டும் வசதி உண்டு. மலிவானவற்றில் அது இருப்பதில்லை. கிராமத்துக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் எவை என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இப்படி ஒருவர் தவறாகப் படித்துவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "படிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்கிறோம். இந்தத் தீர்ப்பு தவறானது என்று நிறுவுவதற்கென்றே ஒரு அறிவியல் துறை இருக்கிறது. மனிதக் காரணிகள் இயல் என்பது அதன் பெயர். அந்தத் துறையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்று நம் நாட்டில் பெரிதாகப் பேசப்படும் தொலை மருத்துவத்தைச் சற்று உற்று நோக்குவோம்.

மனிதனுக்கேற்ற கருவியா, கருவிக்கேற்ற மனிதனா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கி வயிறு மோதி விழுந்தன. விமானியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அமரும் அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கைத் தட்டுகளை மடக்கும் பிடியும் ஒன்றை ஒன்று ஒத்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன கை இருட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்தது. சக்கரப் பிடியின் நுனியில் சக்கர வடிவ ரப்பரையும் மற்றதன் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். தொட்டாலே தெரிந்துவிடும். அதன்பின் அந்த விபத்து நின்றது. 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் ஆகிய இருவர், "விமானியின் பிழை" என்று முத்திரை குத்தப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி, பிடிகளும் விசைகளும் அமைந்த விதத்தால் விளைந்த பிழைகளே என்று கண்டார்கள்.

மருத்துவத்துறை இந்தப் பாடத்தை மிகத் தாமதமாக, மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி. 1985க்கும் 1987க்கும் இடையில் வட அமெரிக்காவில் ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் மாண்டனர். கணினி நிரலில் குறை இருந்தது உண்மை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. பிழை நேரும்போது திரையில் "கோளாறு 54" என்று மட்டும் தோன்றியது. 54 என்றால் என்ன என்று இயக்குபவருக்குப் புரியும்படி விளக்கம் ஏதுமில்லை. அந்தக் கருவி நாள்தோறும் ஏதாவதொரு கோளாறு எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்ததால், ஒரு விசையை அழுத்தித் தொடர்வதே இயக்குபவருக்குப் பழக்கமாகிவிட்டது. 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்த விபத்தின்போது, நோயாளி தடித்த சுவருக்கு அப்பால் தனி அறையில் இருந்தார். அவரைக் காட்ட வேண்டிய காமிராவின் இணைப்பு அன்று செருகப்படவில்லை. அவர் குரலைக் கொண்டுவர வேண்டிய ஒலிக்கருவி பழுதாகியிருந்தது. முதல் அடி விழுந்ததும் அவர் துடித்தார். வெளியே இருந்தவருக்கு அது தெரியவில்லை. மறுபடியும் விசையை அழுத்தினார்.

சுவருக்கு அப்பால் இருக்கும் நோயாளி, நடுவில் ஒரு திரை, ஒரு ஒலிக்கருவி, அவற்றை நம்பி முடிவெடுக்கும் ஒருவர். தொலை மருத்துவத்தின் அமைப்பும் இதுதான். சுவரின் தடிமன் மட்டும் பல கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

இந்தியாவில் வளர்ந்த வகை

நம் நாட்டில் இத்துறை அவ்வளவு புதிதன்று. 2000 மார்ச் 24ஆம் நாள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரில், அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் அப்பல்லோ மருத்துவமனையின் தொலை மருத்துவ மையத்தைத் தொடங்கி வைத்தார். பின்னர் இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் வழியே பல மருத்துவமனைகள் இணைக்கப்பட்டன. 2019 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இ-சஞ்சீவனி என்ற அமைப்பைத் தொடங்கியது. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. முதலில் சுகாதார நிலையத்துப் பணியாளர் தொலைவில் உள்ள மருத்துவரோடு பேசும் வகை வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, நோயாளி வீட்டிலிருந்தே நேராக மருத்துவரை அழைக்கும் வகையும் சேர்ந்தது. தொடக்க மாதங்களில் இதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2023 பிப்ரவரியில் மொத்தம் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டதாகவும், பயன் பெற்றவர்களில் 57 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள், ஏறக்குறைய 12 விழுக்காடு மூத்த குடிமக்கள் என்றும் அரசு அறிவித்தது.

பத்துக் கோடி என்பது சிறிய எண் அன்று. ஊரடங்கில் பேருந்தே ஓடாத நாளில் ஒரு மருத்துவரின் முகத்தைத் திரையில் காண முடிந்ததே, அந்த ஆறுதலைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் இந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்க வேண்டாமா? அது அழைப்புகளை எண்ணுகிறது. மருத்துவர் சொன்னது நோயாளிக்குப் புரிந்ததா, சீட்டில் இருந்த மாத்திரை வாங்கப்பட்டதா, வாங்கியது சரியான வேளையில் விழுங்கப்பட்டதா என்பவை அந்த எண்ணுக்குள் வருவதில்லை. முதியோர் 12 விழுக்காடு என்பதையும் அப்படியே விட்டுவிட முடியாது. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் நோயின் பங்கு அப்படியா? எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வரும் வரிசையைப் பாருங்கள். நரைத்த தலைகள் எத்தனை என்று எண்ணிப்பார்த்தால் என் ஐயம் விளங்கும்.

விதிகளைப் பார்ப்போம். 2020 மார்ச் 25ஆம் நாள் தொலை மருத்துவ நடைமுறைக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. எந்த மருந்தை எழுத்துவழி ஆலோசனையில் எழுதலாம், எதற்கு முகம் பார்த்தே ஆக வேண்டும், எதை எழுதவே கூடாது என்றெல்லாம் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் இருக்கிறது. நடுவில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்து நோயாளியை மருத்துவரோடு இணைக்கும் முறைக்கும் தனிப்பகுதி உண்டு. நல்ல ஆவணம் என்றே சொல்வேன். ஆனால் அதன் தொடக்கத்திலேயே, இந்நெறிகள் எவற்றைப் பற்றிப் பேசா என்ற பட்டியல் ஒன்று வருகிறது. கருவிகளின் அமைப்பும் மென்பொருளின் அமைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் என்ன செய்யலாம் என்பதற்கு விதி உண்டு. அந்தப் பணியாளரின் விரல் படும் திரை எப்படி இருக்க வேண்டும், அதை யார் கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அங்கே விதி இல்லை. என் குறை இதுதான்.

கடத்தூரில் வைத்துப் பார்ப்போம்

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். பொம்மிடி, மொரப்பூர் இரயில் நிலையங்கள் எட்டும் தொலைவில் இருக்கின்றன. பெரிய நோய் என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் 68.54. அந்தக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே கடைசி இடம் அதுதான். இப்படிப்பட்ட வட்டாரத்தில் சரியாக வேலை செய்யும் கருவி சென்னையிலும் வேலை செய்யும். சென்னையில் வேலை செய்யும் கருவி இங்கே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கடத்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை செய்கிறான். இம்மாவட்டத்தில் அது மிகச் சாதாரணம். வீட்டில் இருக்கும் கைபேசியின் எண் அவன் பெயரில் இருக்கிறது. பழைய பதிவுகளிலெல்லாம் அவனுடைய எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். நோயாளி நேராக மருத்துவரை அழைக்கும் வழியில் முதற்படி, கைபேசி எண்ணைக் கொடுத்து ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெறுவது. நோய் இங்கே இருக்கிறது, கடவுச்சொல் திருப்பூருக்குப் போகிறது! பிறகு விவரங்களை நிரப்ப வேண்டும், வரிசை எண் பெற வேண்டும், காத்திருக்க வேண்டும், அழைப்பு வரும்போது சரியான பொத்தானை அழுத்த வேண்டும், இறுதியில் சீட்டைப் பதிவிறக்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் நூற்றுக்கு 54 பேர்தான். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் மூவரில் ஒருவர். அந்த ஆய்வு 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம் எடுத்தது. தமிழ்நாட்டின் நிலை இந்தச் சராசரியைவிட மேல் என்பது உண்மை. ஆயினும் நம் மூதாட்டி அந்த வயதுக்குள்ளேயே வரவில்லை.

தொடுதிரையைப் பற்றியும் ஒரு சொல். அது விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. ஈரப்பதம் உள்ள தோல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையால் ஏற்படும் மாறுதலையே உணர்கிறது. ஆயுள் முழுவதும் மண்ணில் உழைத்துக் காய்த்துப்போன விரல் நுனி வறண்டும் தடித்தும் இருக்கும். திரை பல வேளை அதை விரல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "பாட்டிக்கு போன் தெரியாது" என்று பேரன் சிரிக்கிறான். பாட்டியின் விரல்தான் போனுக்குத் தெரியவில்லை.

சரி, மூதாட்டி தனியே அழைக்க வேண்டாம், துணை சுகாதார நிலையத்துக்கு வந்து அங்குள்ள பணியாளர் மூலம் பேசட்டும். இது எவ்வளவோ மேல். ஆனால் இங்கே மொழி குறுக்கிடுகிறது. நம் மக்கள் நோயைச் சொல்லும் விதத்தை எண்ணிப்பாருங்கள். "நெஞ்சு கரிக்குது" என்பது ஒன்று, "நெஞ்சை அடைக்குது" என்பது வேறு, "நெஞ்சு படபடங்குது" என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் இரைப்பை அமிலம். இரண்டாவது மாரடைப்பாகவும் இருக்கலாம். "கால் மதமதன்னு இருக்குது", "கால் எரியுது", "கால் குடையுது" என்ற மூன்றும் மூன்று வகைத் துன்பங்கள். ஆங்கிலத்தில் அடுக்கிவைத்த நோய்க்குறிப் பட்டியல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால், இத்தனையும் "நெஞ்சு வலி", "கால் வலி" என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மருத்துவர் திரையில் படிப்பது அந்தக் கட்டத்தை. மூதாட்டி சொன்னதை அவர் படிப்பதில்லை. இம்மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இன்னும் ஒரு மொழிபெயர்ப்பு கூடுகிறது.

காமிராவும் சொல்வதை மாற்றிச் சொல்லும். கைபேசிக் காமிரா அறையின் விளக்கொளியைக் கணித்து, வெண்மை எது என்று தானாகவே தீர்மானித்து நிறங்களைத் திருத்துகிறது. கல்யாணப் படத்துக்கு இது நல்லது. இமையைத் தாழ்த்தி இரத்தசோகையைப் பார்க்கவோ, கண் வெண்படலத்தில் மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று பார்க்கவோ இது நல்லதன்று. தருமபுரிக்கு இது தனிக் கவலை. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயற்பாட்டுக்கு வரும்வரை அந்த நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல் வருபவரின் பல்லில் உள்ள பழுப்புக் கறையைப் பார்த்தே உள்ளூர் மருத்துவர் காரணத்தை ஊகித்துவிடுவார். வேறு மாவட்டத்திலிருந்து திரையில் பார்ப்பவருக்கு அந்தக் கறை தெரியுமா? தெரிந்தாலும் அது வெற்றிலைக் கறை என்று தோன்றாதா?

தன்னார்வலரின் பையில் இருப்பவை

2021 ஆகஸ்டு 5ஆம் நாள், "மக்களைத் தேடி மருத்துவம்" கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 2004 வரை அப்பகுதியும் தருமபுரி மாவட்டமாகவே இருந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. மூதாட்டி கடவுச்சொல் தேட வேண்டாம். பக்கத்துத் தெருப் பெண்ணே வருகிறாள், "ஆயா, கையை நீட்டுங்க" என்கிறாள். என் கருத்தில் இது இ-சஞ்சீவனியைவிட மனித இயல்பை நன்கு அறிந்த ஏற்பாடு.

ஆனால் அந்தப் பெண் எடுக்கும் அளவு எங்கே போகிறது? பதிவுக்குப் போகிறது. பதிவைப் பார்த்து மருந்தின் அளவு முடிவாகிறது. ஆகவே அளவு எடுக்கும் கணம்தான் முழு அமைப்பின் அச்சாணி. மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டிருக்கிறார் என்று கொள்ளுங்கள். இயற்பியல் பாடத்தை நினைவுகூருங்கள்: பாதரசம் இரத்தத்தைப் போல் ஏறக்குறைய 13 மடங்கு அடர்த்தியுடையது. கைப்பட்டை இதயத்தின் மட்டத்துக்கு 10 செ.மீ. தாழ்வாக இருந்தால், அந்த இரத்தத் தம்பத்தின் எடையால் மட்டும் அளவு ஏறக்குறைய 8 மி.மீ. கூடித் தெரியும். 134 இருப்பவர் 142 ஆகி நோயாளியாகிவிடுவார்! பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும், அளவெடுக்கும்போது பேசிக்கொண்டிருந்தாலும் அளவு கூடும். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரோடு பேசாமல் இருப்பது மரியாதைக் குறைவு. கருவி தயாரித்தவருக்கு அது தெரியாது.

குளுக்கோமீட்டர் இன்னும் சுவையானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் மாம்பழ நாடு. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரையும் இரத்தத்தோடு கலந்து அளவு பெரிதும் ஏறிவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பழம் உரித்த விரலைச் சாராயப் பஞ்சால் பலமுறை துடைத்தபோதும் அளவு உயர்ந்தே வந்தது. குழாய் நீரில் கழுவியபோதுதான் சரியாயிற்று. பையில் சாராயப் பஞ்சு இருக்கிறது, தண்ணீர் இல்லை. கருவியோ கைபேசிச் செயலியோ "கை கழுவினாரா?" என்று தமிழில் ஒரு வரி கேட்டால் போதும். முன் மாத அளவைப் பக்கத்திலேயே காட்டி, "இம்முறை இருமடங்கு வந்துள்ளது, மீண்டும் எடுக்கவும்" என்று சொன்னால் இன்னும் நல்லது. இதற்குப் பெரிய மூளை எதுவும் வேண்டாம்.

பதிவுச் சுமையையும் சொல்ல வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் விவரங்களை "பிக்மி" என்ற அரசு இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவு எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கேட்கப்படுகிறது. கணினி வந்தால் பதிவேடு போய்விடும் என்றார்கள். பதிவேடும் இருக்கிறது, கணினியும் வந்துவிட்டது. பதிவேற்றும் சுமையைக் குறைக்கச் சொல்லிச் செவிலியர் சங்கங்கள் குரல் எழுப்பியும் இருக்கின்றன. இதை ஊழியரின் சோம்பல் என்று ஒதுக்குவது, விமானியைக் குற்றம் சொன்ன அந்தப் பழைய அறிக்கையையே மறுபடி எழுதுவதாகும். ஒரே விவரத்தை மூன்றாம் முறை எழுதும் கை பிழை செய்யும். அது உடலியல்.

தாய்லாந்தில் நடந்தது

இவையெல்லாம் சிறு குறைகள், நல்ல இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக ஓர் உண்மை நிகழ்ச்சி. சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாவதை ஒளிப்படத்திலிருந்து கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றைக் கூகிள் நிறுவனம் உருவாக்கி 2016இல் முடிவுகளை வெளியிட்டது. நம் அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டன. ஆய்வுக்கூடத்தில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாகத் தேறியது. பிறகு 2018, 2019இல் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் அதைப் பயன்படுத்தி, செவிலியர்கள் அதோடு எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை எமா பீட் என்பவரும் அவருடைய குழுவினரும் அருகிருந்து பார்த்து 2020இல் எழுதினார்கள்.

என்ன கண்டார்கள்? 1838 படங்களில் 21 விழுக்காட்டை நிரல் ஏற்கவே இல்லை. படம் தெளிவில்லை என்றது. விழித்திரையைப் படமெடுக்க இருட்டறை வேண்டும். அந்த நிலையங்களில் பலவற்றில் அப்படித் தனி அறை இல்லை. ஏற்காத நோயாளி வேறொரு நாள், வேறொரு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது விதி. கூலி வேலையை விட்டு வந்தவருக்கு அது எத்தகைய தண்டனை என்று செவிலியருக்குத் தெரியும். படத்தைப் பார்த்த அவருக்கே "இதில் நோயில்லை" என்று தெரிந்தபோதும் இயந்திரம் ஒப்பவில்லை. ஓரிடத்தில் இணையம் இரண்டு மணி நேரம் நின்றுபோய், அன்று 200 பேரைப் பார்க்க வேண்டியவர்கள் 100 பேரோடு நிறுத்தினார்கள். நோயாளிகளுக்கு வீண் அலைச்சல் நேருமே என்று அஞ்சி, சில செவிலியர் அவர்களை இந்தச் சோதனையில் சேர வேண்டாம் என்றுகூடச் சொன்னார்கள். நிரலின் கணிதத்தில் குறையில்லை. அறையின் விளக்கும் நோயாளியின் கூலியும் அந்தக் கணிதத்துக்குள் வரவில்லை.

இதைப் பதிவுசெய்து வெளியிட்டவர்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே என்பதைப் பாராட்டாக இங்கே குறிப்பிட வேண்டும். நம் நாட்டுத் திட்டங்களுக்கு இப்படி ஓர் அறிக்கை வெளிவந்தால், அதைத் திட்டத்தின் எதிரிகள் எழுதியது என்று கருதாமல் இருக்கும் மனம் நம் அலுவலகங்களுக்கு வேண்டும்.

மறுபக்கத்துச் சான்றும் நம்மிடமே உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவி வந்திருக்கிறது. இன்று அவை நூற்றுக்கு மேல். அவற்றில் முதலில் வந்தது அப்பகுதிகளிலிருந்தே எடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட இளம் பெண் பணியாளர். அவரே கண்ணைச் சோதிக்கிறார். திரையில் இருக்கும் மருத்துவர் அவருடைய சோதனையைக் கேட்டு முடிவு சொல்கிறார். தேனிப் பகுதியில் நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பை அமைத்துக் கொடுத்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், பழுதுகளில் பெரும்பகுதி மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தால் வருவதைக் கண்டார்கள். தங்களைக் கூப்பிடாமலே உள்ளூர்ப் பணியாளர்கள் பழுதை அறிந்து சரிசெய்யும்படி அமைப்பை மாற்றிக்கொடுத்தார்கள். கருவியைச் சுற்றி ஆளைப் பொருத்தாமல், ஆளைச் சுற்றிக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். இந்த முறையைக் கண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

எத்தனை பேர் போதும்?

சோதித்துப் பார்ப்பதற்குப் பணமும் காலமும் ஏது என்ற கேள்வி எழும். கணக்கைப் பாருங்கள். யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மென்பொருளை ஒருவரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னால், அதன் குறைகளில் சராசரியாக 31 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். 69 விழுக்காடு மறைந்திருக்கும். இரண்டாமவருக்குப் பின் மறைந்திருப்பது 0.69 × 0.69. இப்படியே ஐந்து பேர் வரை பெருக்கிப் பாருங்கள். மறைந்திருப்பது 0.16க்கும் சற்றுக் குறைவு. அதாவது ஐந்தே பேர் 84 விழுக்காடு குறைகளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பயன்படுத்துவோர் பலதரப்பட்டவர்களாக இருந்தால் ஐந்து போதாது என்று பின்வந்தோர் வாதிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் வெளியிட்ட நெறியில், மருத்துவக் கருவிகளுக்கு ஒவ்வொரு வகைப் பயனாளரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது. அந்தக் கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

கடத்தூர் வட்டாரத்தில் தன்னார்வலர் 15 பேர், கிராம சுகாதாரச் செவிலியர் 15 பேர், எழுதப் படிக்கத் தெரியாத முதியோர் 15 பேர். மொத்தம் 45. ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் ஏறக்குறைய 23 மணி நேரம். மென்பொருள் எழுதியவர் ஒருவர் பின்னால் அமர்ந்து, வாய் திறக்காமல், எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். "இங்கே அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொடுக்கும் ஆசையை அவர் அடக்கிக்கொள்வதுதான் கடினமான பகுதி. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை. அந்த ஒரு வாரத்தில் வெற்றிலைச் சந்தை கூடும் நாளை மட்டும் விட்டுவிட வேண்டும். அன்று வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.